நடுவதற்கு முன் ஓராண்டு: சீர்கெட்ட நிலத்தை மீட்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது

பாழ்பட்ட நிலம் ஒன்றைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன மரம் நடலாம்?" இருபத்திரண்டு ஆண்டுகளாக நிலங்களை மீட்கும் வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்கள் நிலம் ஏன் இன்னும் தானாகத் தேறவில்லை?" என்று திருப்பிக் கேட்கிறேன். வெட்டுப்பட்ட விரலில் தோல் வளர்வதுபோல நிலமும் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும். ஆறாமல் கிடக்கிறது என்றால் எதுவோ அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தடையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதிக்கும் மேற்பட்ட வேலை.

இதை நான் என் முதல் நிலத்தில் கற்றேன். மொட்டையான ஒரு சரிவு. மழைக்கு முன் ஆட்களைக் கூட்டி, வரிசை பிடித்து, ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டினோம். கன்றுகள் நல்ல உயரம், நல்ல இனங்கள். அடுத்த கோடைக்குள் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செத்த கன்றுகளை எண்ணிக்கொண்டு நடந்தபோது, ஒரு முட்புதருக்குள் நாங்கள் நடாத ஒரு நாற்று நின்றிருந்தது. முழங்கால் உயரம், கரும்பச்சை இலை. ஏதோ பறவை எச்சத்தோடு போட்ட விதை. புதர் அதற்கு நிழல் தந்திருக்கிறது, ஆட்டின் வாயிலிருந்து காத்திருக்கிறது, தன் சருகால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த முட்புதர்களைத்தான் நாங்கள் நடவுக்கு இடைஞ்சல் என்று மற்ற இடங்களில் வெட்டி எரித்திருந்தோம்.

அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. முதலில் பார்ப்பது. பிறகு தடையை நீக்குவது. பிறகு காத்திருப்பது. அதற்கும் பிறகு, தேவைப்பட்டால் மட்டும், நடுவது. 1988-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சூழல் மீட்டெடுப்புச் சங்கமும் சிதைந்த ஒரு சூழலமைவு மீண்டு வர உதவுவதையே மீட்டெடுப்பு என்று வரையறுக்கிறது. அந்த வரையறையில் உயிரான சொல் 'உதவுவது'. மீள்வது நிலம். நாம் உடன் நிற்பவர்கள்.

இது என்ன நிலமாக இருந்தது?

முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று நம் மரபு சொல்கிறது. பாலை என்பது தனி நிலம் அன்று, சீர்கெட்ட நிலையின் பெயர் என்ற பார்வை அதில் இருக்கிறது. என் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியாது. உங்கள் முன் கிடக்கும் பாலை முன்பு முல்லையாக இருந்ததா, குறிஞ்சியாக இருந்ததா, நெய்தல் கரையாக இருந்ததா? அது தெரியாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

ஏனென்றால், மரமில்லாத இடமெல்லாம் காடழிந்த இடம் என்று நினைப்பதுதான் இத்துறையில் நடக்கும் மிகக் கொடிய தவறு. பிரேசிலின் செர்ராடோவைப் பாருங்கள். மேலே புல்லும் குட்டை மரங்களும்தான் தெரியும். அங்கே உயிர்ப்பொருளின் பெரும்பகுதி மண்ணுக்குள் வேராகவும் கிழங்காகவும் இருப்பதால் அதைத் தலைகீழ்க் காடு என்கிறார்கள். அப்படிப்பட்ட புல்வெளியில் குழி தோண்டி அடர்த்தியாக மரம் நட்டால், நிழல் தாங்காத புற்களும் பூண்டுகளும் மடியும், அவற்றை நம்பிய பறவைகள் போய்விடும். பழமையான புல்வெளி ஒருமுறை அழிந்தால் அதன் இனங்கள் முழுவதும் திரும்பப் பல பத்தாண்டுகளும் போதாது. நல்லெண்ணத்தோடு நடப்பட்ட மரங்களால் செத்துப்போன புல்வெளிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழைய நிலையை அறியத் தடயங்கள் உண்டு. பழைய நில அளவை வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் தேடுங்கள். ஓடைகள் எங்கே வளைந்தன, எது சதுப்பு என்று குறிக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். நிலத்தில் இறங்கி, வெட்டப்பட்ட அடிமரங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். உள்ளூர்ப் பெயர்களைக் கேளுங்கள். மூங்கில், யானை, நாணல் என்று ஓரிடத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் ஒரு காலத்தில் அங்கே இருந்தவைதாம். கல்லிடுக்குகள், வேலியோரங்கள், வழிபாட்டிடங்கள், கல்லறைகள் என மாடும் ஏரும் எட்டாத மூலைகளில் பழைய செடிகள் ஒளிந்திருக்கும். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி மண்ணின் அடுக்குகளைப் பாருங்கள். மேலிருந்து ஆழம் வரை கருமை படிந்து, நார்போன்ற வேர்கள் நிறைந்திருந்தால் அது நெடுங்காலம் புல் ஆண்ட நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பல் நிறத்தில் துருப் புள்ளிகள் இருந்தால் அங்கே ஆண்டில் பல மாதங்கள் நீர் தேங்கியிருக்கிறது.

பிறகு ஒப்புநோக்க ஒரு நிலம் தேவை. அதே மழை, அதே மண், அதே சரிவு, ஆனால் கெடாமல் தப்பிய நிலம். ஒன்று போதாது, மூன்று நான்கு பாருங்கள். ஒரே ஓர் இடத்தை மாதிரியாக வைத்தால் அந்த இடத்தின் தற்செயல்களையும் சேர்த்து நகலெடுத்துவிடுவீர்கள். எந்தச் செடி எதனருகில் நிற்கிறது, மேடு எது பள்ளம் எது, பட்ட மரங்கள் எத்தனை, தரையில் சருகு எவ்வளவு கனம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏதோ ஓர் ஆண்டின் புகைப்படத்துக்கு நிலத்தைத் திருப்பிக் கொண்டுபோவது நம் நோக்கமன்று. காலநிலையும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒப்புநோக்கு நிலம் நமக்குத் திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலத்தில் கால் பதித்து வாழ்ந்தவர்களிடம் பேசுங்கள். ஒரு சரிவில் மண் ஏன் ஒரு பக்கம் மட்டும் அரித்துப்போகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. அளவுகள் எடுத்தேன், படம் வரைந்தேன். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறீர்கள். எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா?"

"இல்லை ஐயா, மேலே நான் போகவே இல்லை" என்றேன்.

மேலே கூட்டிப்போனார். மரம் வெட்டி இழுத்த காலத்து வண்டித்தடம் ஒன்று சரிவின் குறுக்கே ஓடியது. மேல்மலையின் நீரையெல்லாம் அது வாய்க்கால்போல் சேர்த்து, ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தடத்தைப் பத்து இடங்களில் உடைத்து, நீரைப் பரவலாகத் திருப்பிவிட்டதுதான் அந்த நிலத்தில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை. மூன்று நாள் பிடித்தது.

ஓராண்டு பார்ப்பது என்றால் என்ன செய்வது

சும்மா உட்கார்ந்திருப்பதன்று. நான் ஒவ்வொரு நிலத்திலும் தவறாமல் செய்யும் சில வேலைகளைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம். பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும்.

முதலில், பெருமழை பெய்யும்போது நிலத்தில் இருங்கள். மழை விட்ட பிறகு போனால் பாதிக் கதை அழிந்திருக்கும். ஓடும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? எந்த இடத்தில் தாளாக விரிந்து ஓடுகிறது, எந்த இடத்தில் கயிறாகத் திரண்டு அரிக்கிறது? நீர் வேகம் குறைந்து வண்டலையும் சருகையும் இறக்கிவைக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கல், ஒரு விழுந்த கிளை, ஒரு புல்குத்து என்று அவை சிறியனவாகத்தான் இருக்கும். விதைகளும் அங்கேதான் தங்கும். மீட்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது, மண் நீரைக் குடிக்கிறதா என்ற சோதனை. இரு முனையும் திறந்த தகர உருளை ஒன்றை விரல் நீளத்துக்கு மண்ணில் அழுத்தி, அளந்த நீரை ஊற்றி, எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். ஒப்புநோக்கு நிலத்திலும் அதையே செய்யுங்கள். அங்கே சில நிமிடங்களில் மறையும் நீர் உங்கள் நிலத்தில் அரை மணி நேரம் நின்றால், மண்ணின் மேற்பரப்பு இறுகிப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எதை நட்டாலும் வேர் சட்டிக்குள் சுற்றுவதுபோல் குழிக்குள்ளேயே சுற்றும்.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. நிலத்தின் பல இடங்களிலிருந்து மேல்மண்ணை மட்டும், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சுரண்டி எடுங்கள். தட்டுகளில் மணல் பரப்பி அதன்மேல் இந்த மண்ணை மெல்லியதாக விரித்து, நிழலில் வைத்து, இரண்டு மூன்று மாதம் நீர் தெளியுங்கள். மண்ணுக்குள் உறங்கும் விதைகள் தம்மைக் காட்டிக்கொடுக்கும். உள்நாட்டுப் புற்களும் பூண்டுகளும் முளைத்தால் உங்கள் நிலத்தின் நினைவு இன்னும் அழியவில்லை. களைகள் மட்டுமே முளைத்தால் விதை வெளியிலிருந்து வரவேண்டும் என்று பொருள். பெருங்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு இருப்பதில்லை. எனவே தட்டில் மரக்கன்று வரவில்லையே என்று கலங்க வேண்டாம்.

நான்காவது, ஒரு சிறு வேலி. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் போதும். நிலத்தில் ஐந்தாறு இடங்களில் கால்நடை நுழையாதபடி அடைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஓராண்டு கழித்து உள்ளேயும் வெளியேயும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே செடிகள் எழுந்து நின்றால் மேய்ச்சல்தான் உங்கள் தடை. உள்ளேயும் ஒன்றும் மாறவில்லை என்றால் தடை மண்ணிலோ நீரிலோ விதையிலோ இருக்கிறது. இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான பதிலை வேறெந்தச் சோதனையும் எனக்குத் தந்ததில்லை.

தடையை நீக்கினாலே எழுந்த நிலங்கள்

இப்படிப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்று ஐயம் கொள்பவர்களுக்கு நைஜர் நாட்டின் கதையைச் சொல்வேன். டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் அங்கே மராடிப் பகுதியில் பல ஆண்டுகள் கன்றுகளை நட்டு, அவை சாவதைப் பார்த்துச் சலித்திருந்தார். 1983-இல் ஒருநாள் வழியில் வண்டியை நிறுத்தி ஒரு புதரை உற்றுப் பார்த்தார். அது புதர் அன்று. வெட்டுப்பட்ட மரத்தின் அடித்தூரிலிருந்து கிளம்பிய துளிர்கள். நிலமெங்கும் அப்படி உயிருள்ள வேர்கள் கிடந்தன. ஒவ்வோர் ஆண்டும் அவை துளிர்த்தன, ஒவ்வோர் ஆண்டும் உழவுக்கு முன் அறுக்கப்பட்டன. நல்ல துளிர்கள் சிலவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துக் காத்தால் போதும் என்று உழவர்கள் ஏற்றுக்கொண்டபோது, அடுத்த இருபது ஆண்டுகளில் ஐம்பது லட்சம் ஹெக்டேர் அளவில் மரங்கள் எழுந்தன. நாற்றங்காலிலிருந்து அந்த அளவுக்குக் கன்று கொண்டுவர எந்த அரசாலும் முடிந்திருக்காது.

கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டேயில் தடை வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்காகக் கொண்டுவரப்பட்ட உயரமான புல் ஒன்று அங்கே ஆண்டுதோறும் எரிந்தது. எரிந்த ஒவ்வொரு முறையும் வறண்ட காட்டின் விளிம்பு கொஞ்சம் பின்வாங்கியது. டேனியல் ஜான்ஸன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியலாளர்கள் 1980-களின் நடுவில் அங்கே தீயை நிறுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். தீ நின்றது. காற்று சுமந்த விதைகள் முளைத்தன, மரம் வந்த இடத்தில் பறவை வந்தது, பறவையோடு வேறு விதைகள் வந்தன. அதே பகுதியில் 1990-களின் பிற்பகுதியில் மூன்று ஹெக்டேர் நிலத்தில் 12,000 டன் ஆரஞ்சுத் தோலும் சக்கையும் கொட்டப்பட்டன. ஒரு வழக்கால் திட்டம் நின்று, இடமே மறந்துபோயிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர்கள் அடர்ந்த காட்டைக் கண்டார்கள். அந்தச் சக்கை புல்லை மூச்சடைக்கச் செய்தது, மண்ணுக்கும் உரமானது. ஒரே செயலில் இரண்டு தடைகள் விலகின.

ஆனால் தீயை எங்கும் பகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மேடிசன் நகரின் ஓரத்தில் இருக்கும் கர்டிஸ் புல்வெளியில் 1930-களின் நடுவில் பழைய உழவு நிலத்தைப் புல்வெளியாக மீட்கத் தொடங்கினார்கள். விதைத்தார்கள், நட்டார்கள், ஆனாலும் அயல் புற்கள் விடவில்லை. 1940-களில் சோதனையாக எரித்துப் பார்த்தபோதுதான் உள்நாட்டு இனங்கள் வலுப்பெற்றன. அங்கே தீ இல்லாததுதான் தடை. ஒரு நிலத்தின் மருந்து இன்னொரு நிலத்துக்கு நஞ்சு. அதனால்தான் 'இது என்ன நிலமாக இருந்தது' என்ற கேள்வியை முதலில் வைத்தேன்.

நீர்நிலைகளில் இந்த வரிசை இன்னும் கண்டிப்பானது. புளோரிடாவில் 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடிய கிஸ்ஸிமி ஆற்றை, வெள்ளத்தைக் கட்டுப்படுத்த என்று 1962 முதல் 1971 வரை 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக மாற்றினார்கள். இருபுறச் சதுப்பும் வற்றியது, நீர்ப்பறவைகள் போயின. மீட்டபோது அவர்கள் செய்த முதன்மையான வேலை கால்வாயின் ஒரு பகுதியை மண்ணால் தூர்த்ததுதான். நீர் பழைய வளைவுகளுக்குத் திரும்பியது, வெள்ளம் சமவெளியில் ஏறியது, உறங்கிய விதைகளிலிருந்து சதுப்புச் செடிகள் வந்தன. அலையாத்திக் காடுகளிலும் இதுவே பாடம். அலையாத்திச் செடிகள் இயல்பாகச் சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலேதான் வளர்கின்றன. நடுவதற்கு வசதியாக வெறுமையாகக் கிடக்கிறதே என்று அதற்கும் கீழே இருக்கும் சேற்றுத் திட்டில் வரிசையாகக் குச்சி நடுகிறார்கள். அவை மூழ்கிச் சாகின்றன. அலை வந்துபோகும் வழியைத் திறந்து, தரை மட்டத்தைச் சரிசெய்தால், அருகில் தாய்மரங்கள் இருக்குமானால் நடவே தேவைப்படாது. கரையில் நின்று ஓராண்டின் உயர்நீரையும் தாழ்நீரையும் குறிக்காமல் அலையாத்தி வேலையில் இறங்காதீர்கள்.

மண் இறுகிப்போன வறண்ட நிலங்களுக்கு புர்கினா பாசோவின் உழவர் யாகூபா சவாடோகோ காட்டிய வழி இருக்கிறது. ஸாய் எனப்படும் பழைய குழி முறையை அவர் 1980-களில் திருத்தி எடுத்தார். கோடையிலேயே சாண் ஆழக் குழிகள் வெட்டி, அதில் எருவும் சருகும் இடுவது. எருவைத் தேடிக் கறையான் வருகிறது. கறையான் துளைத்த வழியில் மழைநீர் இறங்குகிறது. பாறைபோன்ற மண்ணைக் கறையானைக் கொண்டே திறந்தது என்னை இன்றும் நெகிழவைக்கும் அறிவு. நான் இறுகிய சரிவுகளில் சம உயரக் கோட்டில் பிறை வடிவ வரப்புகள் போடுகிறேன். பிறையின் வாய் மேட்டைப் பார்க்க வேண்டும். அடுத்த வரிசை முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேரே வரவேண்டும். நீர் எங்கும் நேராக ஓட வழி இருக்கக்கூடாது.

பரவிய அயல் செடிகளோடு

இந்தப் பகுதியில்தான் பலரும் அவசரப்பட்டுத் தோற்கிறார்கள். உண்ணிச்செடியோ சீமைக்கருவேலமோ மண்டிய நிலத்தைப் பார்த்ததும் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே வாரத்தில் வழித்துவிடத் தோன்றும். வழித்த மண் வெயிலில் கிடக்கும். அடுத்த மழையில் முதலில் முளைப்பது அதே செடி, இந்த முறை பத்து மடங்கு அடர்த்தியாக.

சிட்னியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960-களில் தங்கள் வீட்டருகே இருந்த காட்டுத்துண்டுகளில் கையால் களையெடுத்து, மூன்று விதிகளைக் கண்டறிந்தார்கள். நன்றாக இருக்கும் பகுதியிலிருந்து தொடங்கி, கெட்ட பகுதியை நோக்கி நகருங்கள். மண்ணை இயன்றவரை குறைவாகக் கிளறுங்கள், எடுத்த இடத்தைச் சருகால் மூடுங்கள். உள்நாட்டுச் செடிகள் எவ்வளவு வேகமாக இடம் பிடிக்கின்றனவோ, அதே வேகத்தில் மட்டும் களையை எடுங்கள். இந்த மூன்றையும் என் குறிப்பேட்டின் உள்அட்டையில் எழுதிவைத்திருக்கிறேன். முதல் விதி மனத்துக்கு மிகக் கடினமானது. மோசமான இடம்தான் கண்ணை உறுத்தும், கை அங்கேதான் போகும். ஆனால் நல்ல இடத்தில் நுழைந்திருக்கும் பத்துச் செடிகளை எடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த நல்ல இடம் பிறகு விதை தந்து தானே விரியும்.

உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்கும். தண்டு வேராக மாறும் இடத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியை நெம்பித் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். அப்போது துளிர்க்கும் முனை மண்ணைத் தொடாது. மண்ணும் பெரிதாகக் கிளறப்படாது. அடுத்த மழைக்குப் பின் வந்து முளைத்த நாற்றுகளைப் பிடுங்குங்கள், அதற்கடுத்த மழைக்குப் பின்னும் வாருங்கள். மூன்றாண்டு திரும்பி வர இயலாத பரப்பில் முதல் வெட்டையே தொடங்காதீர்கள். சீமைக்கருவேலத்தில் காய்களைத் தின்ற கால்நடைகளின் சாணத்தில் விதை பயணம் செய்கிறது. காய்க்கும் காலத்தில் மந்தை எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாமல் அதை அடக்க முடியாது.

இன்னொன்று. ஒரு முட்புதருக்குள் குருவிகள் கூடு கட்டியிருந்தால், அந்தப் புதருக்கு மாற்றான உள்நாட்டுப் புதர் வளரும்வரை அதை விட்டுவையுங்கள். வேறு போக்கிடம் இல்லாத உயிருக்கு அது அயல் செடி என்று தெரியாது.

நட வேண்டிய இடத்தில் நடுவது

இவ்வளவுக்குப் பிறகும் விதை வரவில்லை என்றால், அருகில் தாய்மரங்கள் இல்லை என்றால், நடுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம். தீவுகளாக நடுங்கள். ஐம்பது நூறு கன்றுகள் நெருக்கமாக ஒரு திட்டு, பிறகு வெற்றிடம், பிறகு இன்னொரு திட்டு. திட்டில் நிழல் விழுந்ததும் பறவைகளும் வௌவால்களும் அமரும், அவை போடும் விதைகள் திட்டின் ஓரங்களில் முளைக்கும். காடு அப்படித்தான் விரியும். கோஸ்டா ரிகாவில் கேரன் ஹோல், ராகன் ஸஹாவி ஆகியோரின் குழு 2000-களின் நடுவில் தொடங்கிய சோதனைகளில், நிலம் முழுவதும் நடுவதைவிட மிகக் குறைந்த கன்றுகளைக் கொண்ட இத்திட்டுகள் காடு மீள்வதில் முழு நடவுக்கு ஈடுகொடுத்தன. அருகில் காடு இருப்பதும், விதை சுமக்கும் உயிர்கள் இருப்பதும் இதற்கு அடிப்படை.

எந்த இனங்கள் என்று கேட்டால், வடக்குத் தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகக் குழுவினர் 1990-களிலிருந்து பின்பற்றும் தேர்வு முறையை நான் நம்புகிறேன். அது முதலில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவானது. வெயிலைத் தாங்கி விரைவாக வளர வேண்டும், அகன்ற நிழல் தந்து களையை அடக்க வேண்டும், இளமையிலேயே பூத்துக் காய்த்துப் பறவைகளை அழைக்க வேண்டும். அப்படிப்பட்ட உள்நாட்டு இனங்கள் இருபது முப்பதைக் கலந்து நட்டால், மற்ற நூற்றுக்கணக்கான இனங்களைக் காட்டு உயிர்களே கொண்டுவரும்.

விதையை நீங்களே சேகரியுங்கள். ஒரே அழகான மரத்தடியில் பை நிறைய அள்ளாதீர்கள். அந்தக் கன்றுகள் எல்லாம் உடன்பிறப்புகளாக இருக்கும், ஒரு நோய் வந்தால் ஒன்றாகப் போகும். குறைந்தது முப்பது மரங்களிடமிருந்து, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவற்றிடமிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பறவைக்கும் எறும்புக்கும் பாதிக்கு மேல் விட்டுவையுங்கள். நாற்றங்காலில் கன்றைச் செல்லமாக வளர்க்காதீர்கள். நடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிழலைக் குறைத்து, நீரைக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குங்கள். முழங்கால் உயரக் கன்று போதும். ஆளுயரக் கன்று படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் பையில் நெடுநாள் இருந்த வேர் சுருண்டிருக்கும். மழை மண்ணில் நன்கு இறங்கிய பிறகே நடுங்கள், முதல் தூறலில் வேண்டாம். கன்றைச் சுற்றி மூடாக்கு இடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல்.

கணக்கெடுப்பும் மக்களும்

எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணை நான் அறிக்கைகளில் முதல் வரியாக எழுதுவதில்லை. அந்த எண்ணைக் கேட்டுக் கைதட்டுபவர்கள் மூன்றாம் ஆண்டு நிலத்துக்கு வருவதில்லை. மாறாக, நிலத்தில் பத்து இடங்களில் கல் நட்டு, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே கல்லின்மேல் நின்று, அதே திசையில் படம் எடுக்கிறேன். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைக் குறித்துவைத்த இடங்களில் வைத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் எண்ணுகிறேன். அதில் நான் முதலில் தேடுவது நாங்கள் நடாத, தானாக வந்த நாற்றுகளை. நடாத இனம் ஒன்று முதன்முதலாகத் தென்படும் நாளைச் சிவப்பு மையில் குறிக்கிறேன்.

மீட்டெடுப்புச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் ஆறு பக்கங்களிலிருந்து நிலத்தை மதிப்பிடச் சொல்கின்றன: தடைகள் நீங்கினவா, மண்ணும் நீரும் தேறினவா, இனங்கள் வந்தனவா, பூண்டு, புதர், மரம் என்ற அடுக்குகள் உருவாயினவா, மகரந்தச் சேர்க்கையும் மட்குதலும் போன்ற செயல்கள் நடக்கின்றனவா, சுற்றியுள்ள நிலங்களோடு உயிர்ப்போக்குவரத்து இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மதிப்பெண். ஆண்டுதோறும் இதை உண்மையாக இட்டுப் பாருங்கள். என் நிலங்கள் பலவற்றில் இனங்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டிருக்க, கடைசி மதிப்பெண் அசையாமல் நின்றது. சுற்றிலும் வெறும் வயல். அதைப் பார்த்த பிறகுதான் ஓடைக்கரையோரம் புதர் வரிசை ஒன்றை அடுத்த காட்டுத்துண்டு வரை இழுக்கும் வேலையைத் தொடங்கினோம்.

மக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கமானது என்பதால் சிறியது என்று எண்ண வேண்டாம். அந்த நிலத்தில் மேய்த்தவர்கள், விறகு பொறுக்கியவர்கள், தேன் எடுத்தவர்கள் ஆகியோரைக் கேட்காமல் வேலி போட்டால், வேலி ஓராண்டில் விழும். விழுவது நியாயமும்கூட. எந்தப் பகுதியை முதலில் அடைப்பது, எதைத் திறந்து வைப்பது, எத்தனை ஆண்டு கழித்து மந்தை திரும்பலாம் என்பதை அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வண்டித்தடத்தைக் காட்டிய அந்தப் பெரியவரோடு நாங்கள் அப்படித்தான் பேசினோம். கன்றுகளின் உச்சி ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்ததும் வேலியின் கீழ்ப்பாதியைத் திறப்பது என்று ஒப்புக்கொண்டோம். ஆறாம் ஆண்டு திறந்தோம். மந்தை உள்ளே நுழைந்த முதல் நாள் அவர் தம் கோலை ஒரு கன்றின் அருகே நட்டு வைத்து உயரம் பார்த்தார். கோலைவிட அது இரண்டு சாண் கூடுதலாக இருந்தது.